அறுநூறு ரூபாயா, ஆறு வருஷமா?

எங்கள் தெருக்கோடியில் விமானப் படையிலிருந்து விங் கமாண்டராக ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். நான் ‘சார்’ என்பேன், அவர் ‘தம்பி’ என்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாமான் ஒதுக்க ஒரு கை வேணும் என்று கூப்பிட்டார், போனேன். பரணிலிருந்து ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். யூனிஃபார்மோ மெடலோ இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் முழுக்கக் காகிதம். சம்பளச் சீட்டுகள், சுற்றறிக்கை நகல்கள், கோர்ட் உத்தரவின் பிரிண்ட் அவுட்கள். தட்டச்சு செய்த ஒரு பழைய உத்தரவில் ஒரே ஒரு வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. அந்த வரியின் கடைசிச் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘கழிக்கப்படும்’.

“எவ்வளவு சார் கழிச்சாங்க?” என்று கேட்டேன்.

“மாசம் 600.”

“600 ரூபாய்க்கா சார் இவ்வளவு காகிதம்?”

அவர் சிரிக்கவில்லை. “600 ரூபா இல்ல தம்பி. ஆறு வருஷம்” என்றார்.

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். ஒரு சம்பளக் கணக்கு என்று நினைத்துப் போன இடத்தில், கால் நூற்றாண்டு நீண்ட ஒரு வழக்கும், அதற்குப் பின்னால் படை அதிகாரிகளின் பதவி உயர்வு என்கிற பெரிய கதையும் இருந்தன. படித்துச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரேங்குகள். இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8 அன்று தொடங்கியது. ரேங்க் பெயர்களெல்லாம் பிரிட்டிஷ் விமானப் படையிலிருந்து வந்தவை. கீழிருந்து மேலே போனால் பைலட் ஆபீசர், ஃபிளையிங் ஆபீசர், ஃபிளைட் லெஃப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் கமடோர். அதற்கு மேலே ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல், உச்சியில் ஏர் சீஃப் மார்ஷல். பைலட் ஆபீசர் என்ற முதல் படி இப்போது வழக்கில் இல்லை. நேராக ஃபிளையிங் ஆபீசராகத்தான் சேர்கிறார்கள். ‘பைலட் ஆபீசர்’ என்றால் விமானம் ஓட்டுபவர் என்றோ, ‘விங் கமாண்டர்’ என்றால் ஒரு விங்கைக் கட்டாயம் கமாண்ட் பண்ணுபவர் என்றோ நினைத்துவிட வேண்டாம். கணக்குப் பிரிவில் இருப்பவரும் விங் கமாண்டர் ஆகலாம். தரைப்படையில் மேஜர் எங்கே நிற்கிறாரோ அங்கே விமானப் படையில் ஸ்குவாட்ரன் லீடர். லெஃப்டினன்ட் கர்னலுக்குச் சமம் விங் கமாண்டர். இந்த இரண்டு சமன்பாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது வடிவம். ஒரு போர் விமான ஸ்குவாட்ரனில் தோராயமாக 16 முதல் 18 விமானங்கள். அதற்குக் கமாண்டிங் ஆபீசர் ஒருவர்தான். நாடு முழுக்க விமானப் படைக்கு இருக்கும் கமாண்டுகள் மொத்தம் ஏழு. நமக்குப் பக்கத்தில் இருக்கும் தெற்குக் கமாண்டின் தலைமையகம் திருவனந்தபுரம். ஏழு கமாண்டுக்கு ஏழு பேர்தான் தலைவர்கள். அகாடமியிலிருந்து ஒன்றாக வெளியே வரும் ஒரு பேட்ச்சில் இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்து மேலே போக இடம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயில் கோபுரம் மாதிரி. கீழ்நிலையில் நூறு பொம்மைக்கு இடம் உண்டு, உச்சியில் சில கலசங்கள்தான்.

எந்த அலுவலகத்திலும் மேலே போகப் போக இடம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைக்கு இரண்டு வித்தியாசங்கள் உண்டு. ஒன்று, நடுவில் வெளியிலிருந்து ஆள் எடுக்க முடியாது. நாற்பது வயதில் ஒருவரைக் கொண்டுவந்து விங் கமாண்டர் ஆக்க முடியாது, எல்லோரும் அடியிலிருந்தே ஏறியாக வேண்டும். இரண்டாவது, இங்கே ரேங்க் என்பது உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிளைட் லெஃப்டினன்ட்டுக்கு இரண்டு பட்டை, ஸ்குவாட்ரன் லீடருக்கு இரண்டு தடிப்பட்டைக்கு நடுவே ஒரு மெல்லிய பட்டை, விங் கமாண்டருக்கு மூன்று. தேர்வுக் குழுவில் உங்கள் பெயர் வரவில்லை என்றால் அது கேம்ப் முழுக்கத் தெரியும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரருக்கு ஒரு பட்டை கூடியிருக்கும், உங்களுக்குக் கூடியிருக்காது. சிவில் அலுவலகத்தில் பதவி உயர்வு கிடைக்காதவர் மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போகலாம். இங்கேயும் அதே சட்டைதான், அதுதான் வலியே.

இதற்குள் பிரிவுப் பேதமும் இருக்கிறது. பறக்கும் பிரிவு, தொழில்நுட்பப் பிரிவு, தரைப் பணிப் பிரிவுகள். படைத் தளபதி பதவிக்கு இதுவரை வந்த இந்தியர்கள் எல்லோரும் பறக்கும் பிரிவுக்காரர்கள். அதற்குள்ளும் படிகள் உண்டு. ஹெலிகாப்டர் ஓட்டுநராக இருந்து தளபதி ஆன முதல் ஆள் ஃபாலி ஹோமி மேஜர், அதுவே 2007இல்தான். படை தொடங்கி 75 வருஷம் கழித்து. விமானிகளுக்குத் தனியாகப் பறக்கும் படி உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. ஆக, சம்பளம் பற்றிய பேச்சு வந்தால் விமானப் படைக்குள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். நான் சொல்லப் போகும் 600 ரூபாய் விவகாரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஏனென்றால் கை வைக்கப்பட்டது ரேங்க் மேலேயே. ரேங்க் என்பது விமானிக்கும் எஞ்சினியருக்கும் ஒன்றுதான்.

சரி, ஊதியக் குழுக்களுக்கு வருவோம். சிவில் ஊழியர்களுக்கு அமைக்கப்படும் மத்திய ஊதியக் குழுவின் வரம்புக்குள் ராணுவமும் முதல்முறையாக வந்தது மூன்றாவது குழுவில். 1973இல் அறிக்கை கொடுத்த குழு அது. அதற்கு முன் ராணுவத்துக்குத் தனிக் குழுக்கள்தான். ஒரே தராசில் இரண்டு பேரையும் நிறுத்த ஆரம்பித்ததிலிருந்துதான் ‘அவனுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு’ என்ற கேள்வி கூர்மையானது. தனித்தனித் தராசில் இருந்தவரை ஒப்பிட்டுப் பார்க்கவே கஷ்டமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நான்காவது குழுவுக்குத் தலைவர் நீதிபதி பி.என். சிங்கல். அந்தக் குழுவின் பரிந்துரைகள் 1986 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. இந்தக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு ரேங்குக்கும் தனிச் சம்பள விகிதம் இருந்தால், ரேங்க் உயராதவருக்குச் சம்பளமும் உயராது. விகிதத்தின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுவார். கோபுர வடிவ அமைப்பில் இப்படி முட்டி நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் பைலட் ஆபீசரிலிருந்து ஏர் கமடோர் வரைக்கும் ஒரே நீண்ட ஏணியாகப் போட்டார்கள். 2,300 ரூபாயில் தொடங்கி 5,100இல் முடியும். வருஷா வருஷம் 100 ரூபாய் ஏறும். 3,900ஐத் தாண்டினால் 150. பதவி உயர்வு கிடைக்கவில்லையா, பரவாயில்லை, சம்பளமாவது ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எல்லோரும் ஒரே ஏணியில் என்றால் ரேங்குக்கு என்ன மதிப்பு? அதற்காக ‘ரேங்க் பே’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஏணியில் வரும் சம்பளத்துக்கு மேல், தோள்பட்டைக்கு ஏற்றபடி ஒரு தொகை. ஃபிளைட் லெஃப்டினன்ட்டுக்கு 200, ஸ்குவாட்ரன் லீடருக்கு 600, விங் கமாண்டருக்கு 800, குரூப் கேப்டனுக்கு 1,000, ஏர் கமடோருக்கு 1,200. இது படி அல்ல, சம்பளத்தின் பகுதி. அதாவது அகவிலைப்படிக்கும் பென்ஷனுக்கும் கணக்கில் வரும். காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு.

பிறகு அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் உத்தரவு 1987இல் வந்தது. பழைய சம்பளத்திலிருந்து புதிய ஏணியில் ஒருவரை எந்தப் படியில் நிறுத்துவது என்று சொல்லும் உத்தரவு. முறை இதுதான்: அவர் ஏற்கெனவே வாங்கும் மொத்தத்தை எடுத்துக்கொள். அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதத்தை அதோடு கூட்டு. வந்த தொகையிலிருந்து அவருடைய ரேங்க் பேக்குச் சமமான தொகையைக் கழி. மிச்சத்துக்கு ஏற்ற படியில் நிறுத்து. அப்புறம் ரேங்க் பேயைக் கூட்டு.

கழித்துவிட்டுக் கூட்டினால் என்ன ஆகும்? ஓர் உதாரணம். நான் போட்ட எண்கள்தான், யாருடைய சம்பளச் சீட்டும் அல்ல. ஒரு ஸ்குவாட்ரன் லீடருக்குப் பழைய மொத்தமும் 20 சதவீதமும் சேர்ந்து 3,500 வருகிறது. 600ஐக் கழித்தால் 2,900. ஏணியில் 2,900 என்ற படியில் நிறுத்துகிறார்கள். அப்புறம் ரேங்க் பே 600. மொத்தம் 3,500. கொண்டுவந்த பணமேதான் கையில். கழிக்காமல் இருந்திருந்தால் 3,500 படியில் நின்றிருப்பார், அதன் மேல் 600, மொத்தம் 4,100. இடது பாக்கெட்டிலிருந்து எடுத்து வலது பாக்கெட்டில் வைத்துவிட்டு, ‘இந்தா, உனக்குப் புதுசா 600’ என்று சொன்ன மாதிரி.

இப்போது சார் சொன்னது புரிந்தது. அந்த ஏணியில் ஒரு வருஷச் சேவைக்கு ஒரு படி, ஒரு படிக்கு 100 ரூபாய். 3,500இல் நிற்க வேண்டியவர் 2,900இல் நிற்கிறார் என்றால் ஆறு படி கீழே. அவர் ஆறு வருஷம் வேலையே செய்யவில்லை என்ற மாதிரி. ஃபிளைட் லெஃப்டினன்ட்டுக்கு இரண்டு வருஷம் போச்சு. விங் கமாண்டருக்கு எட்டு வருஷம் வரைக்கும். ரேங்க் உயர உயர, தொலைந்த வருஷங்களும் கூடுகின்றன. ரேங்குக்கு மரியாதை செய்யவென்று கண்டுபிடித்த தொகை, ரேங்குக்குத் தகுந்த மாதிரி தண்டனையாக மாறிவிட்டது! இதோடு முடியாது. அகவிலைப்படி குறையும், அடுத்த ஊதியக் குழு வரும்போது இந்தக் குறைந்த எண்ணிலிருந்துதான் புதிய சம்பளம் நிர்ணயமாகும், ஓய்வு பெறும்போது பென்ஷன் குறையும், அவர் இறந்தபின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் குறையும்.

அரசுத் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ரேங்க் பே என்பது மொத்தச் சம்பளத்துக்குள்ளிருந்தே பிரித்து எடுத்த பகுதி, மேலே வைத்த கூடுதல் அல்ல, யாருக்கும் கையில் வாங்கிக்கொண்டிருந்த பணம் குறையவில்லை என்பது அதன் சாரம். முழு முட்டாள்தனமான வாதம் இல்லை இது. ஆனால் இடிக்கிறது. ரேங்க் பே இல்லாத பைலட் ஆபீசருக்கு எதுவும் கழியவில்லை, ரேங்க் உள்ளவருக்கு மட்டும் கழிகிறது என்றால், இருவருக்கும் நடுவில் குழு உண்டாக்க நினைத்த வித்தியாசம் எங்கே போயிற்று?

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். இத்தனை ஆயிரம் படித்த அதிகாரிகள், அன்றைக்கே ஒன்றுகூடிக் கேட்டிருக்கக் கூடாதா? கூடாது, சட்டப்படியே கூடாது. அரசியலமைப்பின் 33வது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டு விமானப் படைச் சட்டமும் சங்கம் சேர்வதைக் கட்டுப்படுத்துகிறது. ரயில்வே ஊழியருக்கு யூனியன் உண்டு, ஆசிரியருக்குச் சங்கம் உண்டு. விமானப் படை அதிகாரிக்கு இருப்பது மேலதிகாரி வழியாக அனுப்பும் மனு ஒன்றுதான். அது பதவி உயர்வு எழுதும் கைகள் வழியாகத்தான் போக வேண்டும். சம்பளக் கணக்கு சரியில்லை என்று எழுதி, ‘இவன் ஒரு பிரச்சினைக்காரன்’ என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை? ராணுவத்தினருக்கென்று தனித் தீர்ப்பாயம் செயல்பட ஆரம்பித்ததே 2009இல். அதன் கிளை ஒன்று சென்னையில் இருக்கிறது. அதற்கு முன் உயர் நீதிமன்றம்தான் வழி. அதனால்தான் இந்தக் கதையில் வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். சீருடையில் இருப்பவருக்காகச் சீருடையைக் கழற்றியவர் பேச வேண்டியிருந்தது.

முதலில் பேசியது விமானப் படைக்காரர் அல்ல, தரைப்படைக்காரர். மேஜர் ஏ.கே. தனபாலன். 1996இல் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். எடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: குழு ரேங்க் பேயைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது, நீங்கள் ஏன் கழித்தீர்கள்? 1998 அக்டோபரில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2003இல் டிவிஷன் பெஞ்ச்சும் தனபாலன் பக்கமே நின்றது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2005 ஜூலையில் அங்கேயும் தள்ளுபடி.

அவ்வளவுதான், எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள் என்று நினைப்போம். அவருக்கு மட்டும் கொடுத்தார்கள்! மற்றவர்கள் வழக்குப் போடவில்லையே. அரசு அலுவலகத்தில் அலைந்த யாருக்கும் இந்தத் தர்க்கம் புதிதில்லை. உடனே பல உயர் நீதிமன்றங்களில் மூன்று படைகளையும் சேர்ந்தவர்கள் மனுக்கள் போட, அவையெல்லாம் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. 2010 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதிகாரிகளுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதைத் திரும்பப் பெறக் கோரி அரசு மறுபடி போனது. ஆயிரம் கோடிக்கு மேல் செலவாகும் என்பது கவலை. 2012 செப்டம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கடைசியாகச் சொன்னது: எல்லோருக்கும் கொடுங்கள். ஆனால் 6 சதவீத வட்டி 1986இலிருந்து அல்ல, 2006 ஜனவரி 1 முதல். ஆக, முதல் இருபது வருஷத்துக்கு வட்டி கிடையாது.

1986இல் ஸ்குவாட்ரன் லீடராக இருந்தவருக்கு அப்போது சுமார் முப்பத்தைந்து வயது என்று வைத்துக்கொண்டால், 2012இல் அறுபதைத் தாண்டியிருப்பார். அவருடைய பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய காலத்தில் வராத பணம், பேரப் பிள்ளைகள் காலத்தில் வந்தது. ஏர் கமடோராக இருந்தவர்கள் எண்பதை நெருங்கியிருப்பார்கள். அந்தத் தொகையை வாங்கக் கையெழுத்துப் போட்டவர்களில் விதவைகளும் உண்டு. எங்கள் தெரு சாருக்கு வந்ததா என்று கேட்டேன். “வந்துச்சு. கணக்குதான் இன்னும் ஒத்துப்போகல” என்றார். அப்போதுதான் அந்தப் பெட்டியில் இன்னொரு சிவப்புக் கோடும் இருந்ததைக் காட்டினார்.

இந்த இரண்டாவது கோடு எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கும் பிடிக்கும். தீர்ப்பை அமல்படுத்த 2012 டிசம்பர் 27 தேதியிட்டு பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. சம்பளத்தைத் திருத்தி நிர்ணயிக்க வேண்டியது ‘1986 ஜனவரி 1 அன்று’ இருந்த நிலைக்கா, ‘1986 ஜனவரி 1 முதல்’ வரும் எல்லா நிலைக்குமா? உத்தரவில் இருந்தது ‘அன்று’ என்ற பொருள்படும் சொல். ‘அன்று’ என்றால் அந்த ஒரு நாளில் ரேங்க் பே வாங்கத் தகுதியோடு இருந்தவருடைய கணக்கு மட்டும் திருத்தப்படும். ‘முதல்’ என்றால் மறுநாளும் மறுவருஷமும் பதவி உயர்வு பெற்று ரேங்க் பேக்குள் வந்தவர்களும் சேருவார்கள், ஒவ்வொரு ரேங்குக்கும் வைத்த குறைந்தபட்சச் சம்பளமும் மாற வேண்டியிருக்கும். ஒரு வேற்றுமை உருபுக்கும் ஒரு சொல்லுக்கும் நடுவில் பல கோடி ரூபாய். ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கம் இதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கோர்ட் படி ஏறியது. கால் நூற்றாண்டுக்கு முன் ‘கழிக்கப்படும்’ என்ற ஒரு சொல், இப்போது ‘அன்று’ என்ற இன்னொரு சொல். உத்தரவு எழுதுகிறவர்கள் சொற்களைக் கவனமாகத்தான் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் ரேங்க் பேயின் முழு விளைவும் தெரியாது.

ஐந்தாவது ஊதியக் குழுவுக்குத் தலைவர் நம்மூர்க்காரர், நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். 1996 முதல் அமலான அந்தச் சம்பளத்தில் ஒற்றை ஏணி போய்விட்டது. ரேங்குக்கு ரேங்க் தனி விகிதம் திரும்பி வந்தது. ஆனால் ரேங்க் பே தொடர்ந்தது, இரட்டிப்பாக. ஸ்குவாட்ரன் லீடருக்கு 1,200, விங் கமாண்டருக்கு 1,600. விங் கமாண்டரின் விகிதம் 13,500இல் தொடங்கும், அதன் மேல் 1,600, ஆக 15,100. அதே சமயம் டெல்லி அமைச்சகத்தில் டைரக்டராக இருக்கும் சிவில் அதிகாரியின் விகிதம் 14,300இல் தொடங்கும். ரேங்க் பேயைச் சேர்த்தால் விங் கமாண்டர் ஒரு படி மேலே, சேர்க்காவிட்டால் ஒரு படி கீழே. எல்லாம் அந்த 1,600ஐச் சம்பளமாகப் பார்க்கிறோமா இல்லையா என்பதில்தான்.

2008இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது குழுவின் அறிக்கை வந்தபோது ரேங்க் பே என்ற பெயரே மறைந்தது. அதற்குப் பதில் எல்லோருக்கும் ‘கிரேட் பே’. அரசு வெளியிட்ட அறிவிப்பில், 14,300 விகிதத்தில் இருந்த சிவில், போலீஸ் அதிகாரிகள் 37,400இல் தொடங்கும் நான்காவது ஊதியப் பட்டைக்கு, 8,700 கிரேட் பேயோடு போனார்கள். விங் கமாண்டரும் லெஃப்டினன்ட் கர்னலும் மூன்றாவது பட்டையிலேயே, 7,600இல் நின்றார்கள். அது டெபுடி செக்ரெட்டரி நிற்கும் இடம். 1,600ஐச் சேர்க்காமல் 13,500ஐ மட்டும் பார்த்தால் இது நியாயமாகவே தெரியும். மேஜர் தனபாலன் 1996இல் கேட்டதும் இதே கேள்விதான்: ரேங்க் பே சம்பளமா, இல்லையா?

இந்தத் தடவை சங்கம் இல்லாதவர்களுக்குத் தளபதிகளே பேசினார்கள். ஏர் சீஃப் மார்ஷல் மேஜர், அட்மிரல் சுரீஷ் மேத்தா, ஜெனரல் தீபக் கபூர் மூன்று பேரும், குறைகளைச் சரிசெய்யாமல் புதிய சம்பளத்தை அமல்படுத்த முடியாது என்று நிறுத்திவைத்தார்கள். சுதந்திர இந்தியாவில் சம்பளத்துக்காக மூன்று தளபதிகளும் சேர்ந்து இப்படி நின்றது பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. சிவில் அரசுக்குப் படை கட்டுப்படுவதுதானே நம் நாட்டுப் பெருமை, அதில் இது கீறல் இல்லையா என்று பத்திரிகைகளில் விவாதம். எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. தளபதி என்பவர் யூனியன் தலைவர் அல்ல. ஆனால் வேறு வாயே இல்லாதவர்களுக்கு யார் பேசுவது என்ற கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை. பிரதமர் மன்மோகன் சிங் மூன்று அமைச்சர்கள் குழு போட்டார். பிரணாப் முகர்ஜி தலைமை, ஏ.கே. அந்தோணியும் ப. சிதம்பரமும் உறுப்பினர்கள். கடைசியில் விங் கமாண்டர் நான்காவது பட்டைக்கு ஏற்றப்பட்டார். ஆனால் 8,700 கொடுக்கவில்லை. அவருக்கென்று 8,000 என்று ஒரு புது எண்ணை உண்டாக்கினார்கள்.

ஒரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைப்படி பதவி உயர்வுக் காலங்கள் சுருங்கின. 2 வருஷத்தில் ஃபிளைட் லெஃப்டினன்ட், 6 வருஷத்தில் ஸ்குவாட்ரன் லீடர், 13 வருஷத்தில் விங் கமாண்டர். அதுவரை பெரும்பாலும் தேர்வுக் குழு கையில் இருந்த விங் கமாண்டர் ரேங்க், காலம் நிறைந்தால் கிடைக்கும் ரேங்க் ஆயிற்று. முட்டி நிற்பவர்களின் வேதனைக்கு இது மருந்துதான். ஆனால் எல்லோர் தோளிலும் மூன்று பட்டை வந்தபின் அந்தப் பட்டையின் எடை குறையத்தானே செய்யும்? ஸ்குவாட்ரன் எண்ணிக்கை கூடவில்லை, கமாண்டிங் ஆபீசர் நாற்காலிகள் கூடவில்லை. வடிகட்டும் வாசல் ஒரு படி மேலே, குரூப் கேப்டனுக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அங்கே தேர்வாகாதவருக்கு 26 வருஷச் சேவையில், காலத்தால் வரும் குரூப் கேப்டன் ரேங்க் உண்டு. பட்டை நாலுதான். ஆனால் அது எந்த வழியில் வந்த நாலு என்பது மெஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

சிவில் பக்கத்தில் இதற்கு வேறு மருந்து கண்டுபிடித்தார்கள். ஐ.ஏ.எஸ். பேட்ச் ஒன்று ஒரு நிலைக்கு உயர்ந்து இரண்டு வருஷம் ஆனால், மற்ற குரூப் ஏ பணிகளில் அதே பேட்ச்சைச் சேர்ந்தவர்களுக்கு, பதவி காலியாக இல்லாவிட்டாலும், அந்த நிலையின் சம்பளம் கிடைக்கும். நாற்காலி இல்லை, சம்பளம் உண்டு. ஆறாவது குழுவுக்குப் பின் வந்த இந்த ஏற்பாடு படைகளுக்குத் தரப்படவில்லை. ஏழாவது ஊதியக் குழுவில் இது பற்றிக் கருத்தே ஒன்றுபடவில்லை. தலைவர் நீதிபதி ஏ.கே. மாத்தூர் படைகளுக்கும் கொடுக்கலாம் என்றார். மற்ற இரு உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். எல்லாவற்றிலும் கூம்பிய கோபுரம் எதுவோ, அங்கே மட்டும் இந்த மருந்து போகவில்லை.

ஏழாவது குழுவின் சம்பள அட்டவணையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டம் கட்டமாக, 10, 11, 12, 13 என்று நிலைகள். ஸ்குவாட்ரன் லீடர் 11இல் இருக்கிறார். குரூப் கேப்டன் 13இல். நடுவில் விங் கமாண்டரைத் தேடினால் 12இல் இல்லை. 12 என்பது டெபுடி செக்ரெட்டரியின் நிலை, தொடக்கம் 78,800. விங் கமாண்டரின் நிலைக்குப் பெயர் ‘12ஏ’, தொடக்கம் 1,21,200. கதவு எண் போட்டு முடித்த தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே அப்புறம் ஒரு வீடு கட்டினால் ‘12ஏ’ என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. 2008இல் உண்டான அந்த 8,000தான் இங்கே இந்த எழுத்தாக நிற்கிறது.

இதை சாரிடம் போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “12ஏ” என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு, “இதையும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு தம்பி” என்றார். மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளையடித்து முடிந்திருந்தது. பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.